நடிப்புப் பள்ளியா, முதலில் ஒரு பட்டமா? இங்கிலாந்தில் பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்கு

உங்கள் மகன் ஏ-லெவல் முடித்த கையோடு நடிப்புப் பள்ளியில் சேர நிற்கிறான். முதலில் ஒரு பட்டம் வாங்கட்டும் என்கிறீர்கள் நீங்கள். அவனுக்குக் கதாநாயகன் முகம் இல்லையே என்ற கவலையையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கவலையை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். குணச்சித்திர நடிகருக்கு அந்த முகம் தேவையே இல்லை. பட்டம் பற்றிய கேள்விதான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது.

ஆங்கில குணச்சித்திர நடிகர் பீட் பாஸ்ல்த்வெய்ட்டின் வாழ்க்கையை மகனோடு சேர்ந்து பாருங்கள். 1946-இல் வாரிங்டனில் ஓர் உழைப்பாளிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். முதலில் ஆசிரியர் பயிற்சி முடித்து, மான்செஸ்டரில் நாடகப் பாடம் நடத்தினார். பிரிஸ்டல் ஓல்ட் விக் நடிப்புப் பள்ளிக்குப் போனது அதற்குப் பிறகு, இருபதுகளின் நடுவில். 1970-களில் லிவர்பூல் எவரிமேன் அரங்கில் ஜூலி வால்டர்ஸ், பில் நை, ஜோனதன் பிரைஸ் ஆகியோர் இருந்த குழுவில் வேலை கற்றார். பிறகு ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற நாடக நிறுவனம். சினிமாவில் கவனம் கிடைத்தது 1988-இல், 42 வயதில். 'இன் த நேம் ஆஃப் த ஃபாதர்' படத்தில் சிறையில் வாடும் தந்தையாக நடித்து ஆஸ்கர் பரிந்துரை பெற்றபோது 48. ஒடுங்கிய கன்னமும் துருத்திய கன்ன எலும்பும் கொண்ட அந்த முகத்துக்கு, இருபது வயதில் பொருத்தமான வேடங்கள் குறைவு. நாற்பதுக்கு மேல் வரிசையாக வந்தன. குணச்சித்திர நடிகரின் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் ஓடும்.

ஆகவே மூன்று ஆண்டு பட்டம் படிப்பதால் உங்கள் மகனுக்கு வயது போய்விடாது. நேர்முகத் தேர்வுக் குழுவினர் இருபத்திரண்டு வயதுக்காரரைத் தாமதமாக வந்தவராக நினைப்பதில்லை.

ஆனால் பணம் இடறும் இடம் இதுதான். இங்கிலாந்தில் ஒரு முறை இளநிலைப் பட்டத்துக்கு ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் என்ற அரசு மாணவர் கடன் வாங்கி முடித்துவிட்டால், நடிப்பில் இன்னொரு இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாகக் கட்டணக் கடன் கிடைக்காது. ஆண்டுக்கு 9,000 பவுண்டுக்கு மேல் கையிலிருந்து போகும். எனவே பட்டம் முதலில் என்று முடிவெடுத்தால், அதன்பின் அவன் விண்ணப்பிக்க வேண்டியது முதுநிலை நடிப்புப் படிப்புக்கு. அதற்கென்று தனி முதுநிலைக் கடன் உண்டு, 12,000 பவுண்டுக்குச் சற்று மேல். பல பள்ளிகளில் படிப்புக் கட்டணமே அதைத் தாண்டிவிடும். சாப்பாடும் வாடகையும் வேறு. இன்னொரு கண்ணி: ஓராண்டு நடிப்புப் படிப்புகள் சில டிப்ளமோவோடு நின்றுவிடும், அவற்றுக்கு இந்தக் கடன் இல்லை. முழு மாஸ்டர்ஸ் பட்டமா என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். குடும்பம் சமீபத்தில் குடியேறியது என்றால், இந்தக் கடன்களுக்குத் தேவையான நிரந்தர வதிவுரிமையும் படிப்பு தொடங்கும் நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டு வதிவும் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஆசிரியர் பயிற்சிக்கு இதில் ஒரு விலக்கு உண்டு. ஏற்கெனவே பட்டம் இருந்தாலும் பி.ஜி.சி.இ. என்ற, பட்டத்துக்குப் பிந்தைய ஆசிரியர் பயிற்சி படிக்கக் கட்டணக் கடன் கிடைக்கும். பாஸ்ல்த்வெய்ட் ஆசிரியராக இருந்து நடிக்க வந்தார். உங்கள் மகன் நடித்துக்கொண்டே பின்னாளில் அந்தப் பக்கம் போகவும் வழி திறந்தே இருக்கிறது. ஜி.சி.எஸ்.இ. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் குறைந்தது 4 தரம் வேண்டும், தொடக்கப் பள்ளி ஆசிரியராக என்றால் அறிவியலிலும்.

நடிப்புப் பள்ளித் தேர்வுக்கு இப்போதே பழகலாம். பெரும்பாலான பள்ளிகள் இரண்டு தனிப்பேச்சு கேட்கும்: ஒன்று ஷேக்ஸ்பியர் காலத்துச் செய்யுள் நடை, மற்றது தற்கால நாடகம். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு ஷேக்ஸ்பியரின் முதிய லியர் மன்னனைத் தேர்ந்தெடுப்பது. பாஸ்ல்த்வெய்ட்டே அந்த வேடத்தை எவரிமேனில் 2008-இல், அறுபதைத் தாண்டித்தான் ஏற்றார். தன் வயதை ஒட்டிய பாத்திரம் போதும். அடுத்த தவறு வாயில் ஒட்டாத உச்சரிப்பு. பர்மிங்காமிலோ ஹாரோவிலோ வளர்ந்த பேச்சு இருந்தால் அப்படியே பேசட்டும். பாஸ்ல்த்வெய்ட் தன் வட இங்கிலாந்துப் பேச்சைத் துடைத்துப் போட்டுவிட்டு வளரவில்லை. யூடியூபில் எல்லாரும் பார்த்த சினிமா வசனத்தையும் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் குழுவினரின் காதில் அசல் நடிகரின் குரல்தான் ஒலிக்கும்.

முதல் சுற்றுக்கு வீடியோ அனுப்பச் சொல்லும் பள்ளிகள் நிறைய. போனைக் கிடையாக நிறுத்தி, வெற்றுச் சுவர் முன், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி, இடையே வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்கட்டும். வரவேற்பறையில் எதிரொலி கேட்கும். திரைச்சீலையும் மெத்தையும் உள்ள படுக்கையறை நல்லது. விண்ணப்பக் கட்டணம் பள்ளிக்குப் பள்ளி மாறும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தள்ளுபடி தருகிறவையும் உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். விண்ணப்பித்த எல்லாப் பள்ளிகளும் முதல் ஆண்டு மறுப்பது சாதாரணம். அதற்குள் நேஷனல் யூத் தியேட்டர் போன்ற இடங்களில் மேடைப் பழக்கம் சேரட்டும்.

படித்து முடித்ததும் வேலை தேடித் தரும் ஏஜென்ட். சம்பளத்தில் 10 முதல் 15 சதவீதம் எடுப்பார், மேலே வாட். வேலை வருமுன் பணம் கேட்கிறவரிடம் கையெழுத்துப் போட வேண்டாம். ஓர் அரங்கிலேயே பல மாதம் தங்கிப் பல வேடம் கற்கும் அந்த 1970-களின் வாய்ப்பு இன்று வெகுவாகச் சுருங்கிவிட்டது, எனக்கு அதில் வருத்தம்தான். இப்போது துண்டு துண்டான ஒப்பந்தங்கள், ஆகவே வரி சுயதொழில் கணக்கில் வரும். ஏப்ரல் 5-இல் முடிந்த ஆண்டுக்கு அக்டோபர் 5-க்குள் வரித்துறையிடம் பதிவு, ஜனவரி 31-க்குள் இணையக் கணக்கு. வரி 1,000 பவுண்டைத் தாண்டினால் அடுத்த ஆண்டுக்கான முன்பணமாக அதில் பாதியையும் அதே நாளில் கேட்பார்கள். புதியவர்கள் பலர் திணறுவது இங்கேதான். ஒவ்வொரு சம்பளத்திலும் கால் பங்கைத் தொடாமல் ஒதுக்கி வைக்கட்டும். ஏஜென்ட் கமிஷன், ஸ்பாட்லைட் என்ற நடிகர் பட்டியலுக்கான சந்தா, ஈக்விட்டி என்ற நடிகர் சங்கத்துக்கான சந்தா மூன்றையும் செலவாகக் கழிக்கலாம், ரசீதுகள் பத்திரம்.

நீளமான தமிழ்ப் பெயரைச் சுருக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பாஸ்ல்த்வெய்ட்டிடமும் பெயரை மாற்றச் சொன்னார்கள், அவர் மறுத்துவிட்டார். ஈக்விட்டியில் ஒரே தொழிற்பெயரை இரண்டு பேர் வைத்துக்கொள்ள முடியாது என்பதால், மற்ற யாருக்கும் இல்லாத பெயர் அவனுக்கு வசதிதான்.