சுகர் 180 தான். பிறகு ஏன் கீட்டோன்?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் டாபாகிளிஃப்ளோசினும் சாப்பிடுகிறார். கந்த சஷ்டிக்கு வெறும் பாலும் பழமுமாக விரதம் இருந்தார். ஐந்தாம் நாள் வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு. வீட்டில் பார்த்தபோது சுகர் 180. மருத்துவமனையிலோ, ‘கீட்டோன் ஏறி ரத்தம் அமிலமாகிவிட்டது’ என்று உடனே சேர்த்துக்கொண்டார்கள். சர்க்கரை நோயாளிக்குக் குளுக்கோஸ் டிரிப் வேறு! ஏன்?
– வாசகி, திருச்செந்தூர்

பதில்: டிரிப் ஏற்றியது சரியான சிகிச்சை. கல்லீரலின் சர்க்கரைச் சேமிப்பு ஏறக்குறைய 100 கிராம்தான். ஒரு நாள் பட்டினியில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பிறகு உடம்பு கொழுப்பை எரிக்கும். கொழுப்பு அமிலம் கார்னிடைன் என்ற கடத்தியின் துணையோடு, செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போக வேண்டும். இன்சுலின் போதிய அளவில் இருந்தால் அந்த வாசல் சாத்தியே இருக்கும், குறைந்தால் திறந்துகொள்ளும். உள்ளே ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கார்பன் கழன்று அசிட்டைல் கோ-ஏ என்ற சிறு துண்டாகிறது. 16 கார்பன் உள்ள பால்மிட்டிக் அமிலம் 7 சுற்றில் 8 துண்டாகிவிடும். அத்தனையையும் கல்லீரலால் எரித்து முடிக்க முடியாது. மிஞ்சியதைக் கீட்டோன் என்ற அமில எரிபொருளாக்கி மூளைக்கும் இதயத்துக்கும் தசைக்கும் அனுப்புகிறது. தான் தயாரிக்கும் கீட்டோனைக் கல்லீரலே பயன்படுத்த முடியாது. அதற்கான நொதி அங்கே இல்லை.

இதுவரை நடப்பது இயல்பானது. நலமான ஒருவர் விரதம் இருந்தாலும், சுரக்கும் கொஞ்சம் இன்சுலின் கீட்டோனை எல்லை மீறவிடாது. உங்கள் அப்பா சாப்பிடும் டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவது. ரத்தத்தில் சர்க்கரை குறையக் குறைய இன்சுலின் சுரப்பும் குறைகிறது, எதிர் ஹார்மோனான குளுக்ககான் கூடுகிறது, உடம்பில் நீரும் வற்றுகிறது. பட்டினியும் சேர்ந்ததால் வாசல் முழுதாகத் திறந்துவிட்டது. வழக்கமான கீட்டோன் அமிலத்தன்மையில் சுகர் பெரும்பாலும் 250-க்கு மேல் இருக்கும். இங்கே சர்க்கரை சிறுநீரோடு போய்க்கொண்டிருந்ததால் 180-லேயே நின்றது. ‘சுகர் நார்மல்தானே’ என்று வீட்டிலேயே காத்திருந்து நாள் கடத்துவதுதான் இதில் பெரிய ஆபத்து.

வாசலை மூட இன்சுலின் வேண்டும். 180-ல் இன்சுலின் மட்டும் கொடுத்தால் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விடும், அதற்காகத்தான் குளுக்கோஸ். இன்சுலின் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் தள்ளுவதால் அதை அடிக்கடி பரிசோதிப்பார்கள்.

அறுவை சிகிச்சைக்கு 3 நாள் முன்பே டாபாகிளிஃப்ளோசினை நிறுத்துவது வழக்கம். நீண்ட விரதத்துக்கும் அப்படி முன்கூட்டியே நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். இனி வாந்தி வந்தால் அந்த மாத்திரையைக் கொடுக்காமல் ரத்தக் கீட்டோன் (mmol/L அளவில்) பாருங்கள்: 0.6-க்குள் இருந்தால் இயல்பு, 1.5 தாண்டினால் மருத்துவருக்குச் சொல்லுங்கள்; 3 என்றால் மருத்துவமனைதான். ஊசி போடுகிறவர்கள், சாப்பிடாத நாளிலும் இன்சுலினை அடியோடு நிறுத்தவே கூடாது.

கேள்வி: கீட்டோன் அமிலத்தன்மைக்கான சிகிச்சையின் இரண்டாம் நாள் நோயாளி தெளிவாக இருந்தும் சிறுநீர் ஸ்ட்ரிப் முன்னைவிடக் கருஞ்சிவப்பானது. கீட்டோன் கூடிவிட்டதா?
– செவிலியர், கரூர்

பதில்: இல்லை. ஸ்ட்ரிப்பில் உள்ள நைட்ரோபுருசைடு என்ற வேதிப்பொருள், அசிட்டோ அசிட்டேட் என்ற வகைக் கீட்டோனை மட்டுமே நன்றாகக் காட்டும். நோய் முற்றிய நிலையில் அதைவிடப் பல மடங்கு இருப்பது பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் என்ற இன்னொரு வகைக் கீட்டோன். அது ஸ்ட்ரிப்பில் தெரியாது. குணமாகும்போது அதுவே அசிட்டோ அசிட்டேட்டாக மாறுவதால் நிறம் கூடுகிறது. ரத்தக் கீட்டோன் மீட்டரையும், ரத்தத்தின் அமில நிலையைக் காட்டும் பைகார்பனேட்டையும் நம்புங்கள்.

கேள்வி: காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்த 2 வயதுக் குழந்தைக்குச் சுகர் 35. சிறுநீரில் கீட்டோன் இல்லை என்றார்கள். நல்லதுதானே?
– வாசகர், தேனி

பதில்: நல்லதல்ல. சர்க்கரை அவ்வளவு இறங்கினால் கீட்டோன் வந்தே ஆக வேண்டும். வரவில்லை என்றால் கொழுப்பு அமிலத்தை உடைக்கும் நொதிகளில் ஒன்று பிறவியிலேயே குறைவாக இருக்கலாம். இன்சுலின் மிகையாகவும் இருக்கலாம். கொழுப்பு அமில உடைப்பில் உள்ள கோளாறைக் காட்டும் அசைல்கார்னிடைன் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். முடிவு தெரியும் வரை குழந்தையை நெடுநேரம் வெறும் வயிற்றில் விடாதீர்கள்; எடை கூடுவதற்கென்று எம்.சி.டி. (நடுத்தர நீளக் கொழுப்பு அமிலம் கொண்ட) எண்ணெயும் கொடுக்காதீர்கள். காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பிட மறுத்தால், சுகர் இறங்கும்வரை காத்திருக்காமல் குளுக்கோஸ் டிரிப்புக்குத் தூக்கிச் செல்லுங்கள்.