சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லித் தரும் வேலைக்கு உங்களை இழுத்தது எது?

ஒரு பிடி புளியங்கொட்டை. நிஜமாகவே அதுதான். காசிமேடு பக்கம் ஓர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன், வீடு தண்டையார்பேட்டை.

முதலில் சேர்ந்தது ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில். ப்ளஸ் டூ, அப்புறம் ஒரு வருஷம் டீச்சர் டிரெய்னிங், முடித்த கையோடு எல்.கே.ஜி. வகுப்பு. தினமும் நாலு கோடு நோட்டில் ஒரு பக்கம் நிரம்பியாக வேண்டும். மூன்றரை வயதுப் பெண் ஒருத்தி பென்சிலை உள்ளங்கை முழுக்கப் பொத்திப் பிடித்து அழுத்துவாள். முனை ஒடியும், அழுவாள். நான் அவள் கையைப் பிடித்து எழுத வைத்தேன், சில நாள் அதட்டவும் செய்தேன். அந்த வயதில் மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளில் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. அவள் அடம்பிடிக்கவே இல்லை, அவளால் முடியவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு பிசைகிறது. இரண்டு வருஷத்தில் நின்றுவிட்டேன். டீச்சர் வேலையே வேண்டாம் என்றிருந்தேன்.

அங்கன்வாடிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும், வீட்டுக்குப் பக்கம்தானே என்று அம்மா மனுப் போடச் சொன்னார். கிடைத்தது. 1975இல் தொடங்கிய திட்டம் இது. ஆனாலும் எங்கள் தெருவில் இன்னும் பால்வாடி என்றால் சோறு போட்டுத் தூங்க வைக்கிற இடம்தான். சத்துமாவு, மதியச் சாப்பாடு, மாதாமாதம் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பது என்றுதான் நானும் தொடங்கினேன். அதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். ஒரு பிள்ளையின் புள்ளி பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கினால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வராது.

இங்கே நிறையப் பிள்ளைகளின் அம்மாக்கள் மீன் விற்கிறவர்கள். விடியும் முன்பே ஏலத்துக்குத் துறைமுகம் போய்விடுவார்கள். பிள்ளையை ஆயாவோ அக்காவோ தலை சீவிக் கொண்டுவந்து விடுவார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, வீட்டில் காசு முடை. ஆனாலும் அந்த நாட்களில் அப்பா தோளில் உட்கார்ந்து வருகிற பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

ஒருநாள் எண்ணச் சொல்லித் தரலாம் என்று புளியங்கொட்டை, பழைய சட்டைப் பட்டன், சோழி எல்லாவற்றையும் பாயில் கொட்டினேன். அதுவரை வாயே திறக்காத நாலு வயதுப் பையன் ஒருவன் எழுந்து வந்தான்.

"இன்னா டீச்சர், அல்லாத்தையும் ஒண்ணா கொட்டிட்ட? தனித்தனியா வெக்கணும்."

உட்கார்ந்து பிரித்தான். சிவப்புப் பட்டன் சங்கராவாம், சோழி கடம்பாவாம், புளியங்கொட்டை நெத்திலியாம். பிறகு கூறு போட்டான். ஒரு கூறு சின்னதாகத் தெரிய, பெரிய கூறிலிருந்து இரண்டு கொட்டையை எடுத்து அதில் வைத்தான், தள்ளி நின்று பார்த்தான், இன்னும் ஒன்று வைத்தான். கடைசியில் என்னை நிமிர்ந்து பார்த்து, "கூறு அம்பது. மூணு எடுத்தா நூறு" என்றான்.

ஒன்று இரண்டு சொல்லச் சொன்னால் ஆறுக்கு அப்புறம் ஒன்பது என்று சொல்கிற பையன் அவன்! இனம் பிரிப்பது, அளவு பார்ப்பது, சமமாக்குவது, மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பது, எல்லாம் அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே அவனுக்குள் போயிருந்தது. மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். குழந்தை கையால் தொட்டு, பிரித்து, அடுக்கித்தான் யோசிக்கிறது என்று அவர் சொன்னதை டிரெய்னிங்கில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். அது என்னவென்று அந்தப் பாயில்தான் பார்த்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆர்வம்தான்: இந்தப் பிள்ளை எதைத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறது? பார்த்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் அது தானாக வெளியே வரும். மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவரின் மகள் எந்த மூடி எந்த டப்பாவுக்குப் பொருந்தும் என்று பார்த்ததுமே எடுத்துவிடுவாள். இதைக் கண்டுபிடிக்கிற சந்தோஷத்துக்காகத்தான் காலையில் கிளம்புகிறேன்.

அந்தப் பையனின் அம்மாவுக்கு என் மேல் வருத்தம் இருந்தது. "பக்கத்து வூட்டுப் புள்ள ஏ பி சி டி எழுதுது டீச்சர், இவன் வெள்ளாடிக்கினே கீறான்" என்றார். தான் படிக்காததால் பிள்ளைக்கு எழுத்து சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்ற தவிப்பு. அதில் என்ன தப்பு? நான் எதுவும் விளக்கவில்லை. "கொஞ்சம் உக்காருங்கக்கா" என்று சொல்லி அவனிடம் டப்பாவைக் கொடுத்தேன். அவன் கொட்டி, பிரித்து, கூறு போட்டான். அக்கா சேலையை ஒதுக்கிக்கொண்டு மெல்லப் பாயில் உட்கார்ந்தார். நெத்திலிக் கூறுக்குள் கிடந்த ஒரு சோழியை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"கடம்பாவ ஏன்டா இதுல வெச்ச? பாத்து வெய்யி."