வேலையை விட்டால்தான் எழுத்து வருமா?

கேள்வி: எனக்கு 31 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஆபீஸிலும் சரி, சொந்தபந்தத்திலும் சரி, என்னால் ஒட்ட முடியவில்லை. சிறுகதைகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பயிலரங்கில் அறிமுகமானவர், “எழுத்தாளர் காஃப்கா மாதிரி எல்லாவற்றுக்கும் வெளியே நின்றால்தான் பெரிய எழுத்து வரும், வேலையை விடுங்கள்” என்கிறார். 70,000 ரூபாய் கொடுத்தால் தொகுப்பைப் போட்டு, அரசு நூலகங்களுக்குப் புத்தகம் எடுக்கும் நூலக ஆணையும் வாங்கித் தருவாராம். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, வேலையை விடாதீர்கள். பணத்தையும் கொடுக்காதீர்கள்.

காஃப்காவைக் காட்டி வேலையை விடச் சொல்கிறவர் அவர் வாழ்க்கையைப் படித்திருக்க மாட்டார். காஃப்கா சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1908இல், இன்றைய செக் நாட்டின் பிராக் நகரில், தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். அதுவும் நண்பனின் அப்பா அங்கே தலைவராக இருந்ததால் சிபாரிசில் கிடைத்த வேலை. காசநோய் முற்றி 1922இல் பென்ஷனில் போகும்வரை அங்கேயேதான் இருந்தார், பதவி உயர்வுகளும் வாங்கினார். செக் மொழி பேசும் ஊரில் ஜெர்மன் பேசும் யூதர் அவர். அந்நியமாக இருப்பதற்கு அவர் எதையும் ராஜினாமா செய்ய வேண்டியிருக்கவில்லை.

அந்த ஆபீஸில் அவர் எழுதிய ஓர் அறிக்கை மரம் இழைக்கும் இயந்திரங்களைப் பற்றியது. பழைய இயந்திரங்களில் கத்தி பொருத்திய தண்டு சதுரமாக இருக்கும். அது சுழலும்போது தண்டுக்கும் மேசைக்கும் நடுவே அகலமான இடைவெளி விழும். பலகை துள்ளினால் கை உள்ளே போய்விடும், விரல் துண்டாகும். உருளைத் தண்டு போட்டால் இடைவெளி குறுகிவிடும், கை மாட்டினாலும் சின்னக் காயத்தோடு போகும். இதைப் படம் போட்டு விளக்குகிறார். விரல் போன கைகளின் படங்களும் அதில் உண்டு. சில வருடங்கள் கழித்து, 1914இல், தண்டனைக் குடியிருப்பைப் பற்றிய கதையில் ஒரு கொடூரமான இயந்திரத்தைப் பாகம் பாகமாக, குரலே உயர்த்தாமல் விவரிப்பார். அந்த நிதானம் இந்த ஆபீஸ் மேசையில் பழகியது என்றே நான் நம்புகிறேன். நீங்கள் பார்க்கும் ஷிப்மென்ட் பில்லும் பீஸ் ரேட் கணக்கும் எந்தப் பயிலரங்கிலும் கிடைக்காத சரக்கு.

ஒட்ட முடியவில்லை என்கிறீர்கள். அதைத் தகுதிச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மார்க்ஸ் 1844இல் பாரிஸில் எழுதிய குறிப்புகளில் (அவை முழுதாக அச்சேறியது 1932இல்) அந்நியமாதலைப் பற்றிப் பேசுகிறார். அங்கே பேச்சு கவிஞனைப் பற்றியதல்ல. தான் செய்த பொருள் தனக்குச் சொந்தமில்லாமல், செய்யும் வேலையும் தன்னுடையதாக இல்லாமல் போகும் தொழிலாளியைப் பற்றியது. உங்கள் கம்பெனியில் நாள் முழுக்க ஒரே தையலைப் போட்டுக்கொண்டிருக்கும் பெண்ணுக்குத்தான் அது முதலில் பொருந்தும். நமது கல்லூரிகளில் இதை ஐந்து மதிப்பெண் குறிப்பாக்கி, ‘அந்நியமாதலின் கூறுகள்’ என்று எண் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். படித்து வெளியே வரும் பிள்ளைக்கு அது ஒரு மேதையின் நோய் என்று மட்டும்தான் நினைவிருக்கிறது. இந்த அரைகுறைப் படிப்பை வைத்துத்தான் உங்கள் நண்பர் மாதிரி ஆட்கள் பிழைக்கிறார்கள்.

ஆங்கில எழுத்தாளர் காலின் வில்சன் கதையையும் அவர் சொல்லியிருப்பார். 24 வயதில், 1956இல், சமூகத்துக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றி எழுதிப் புகழ் பெற்றவர், லண்டனில் திறந்தவெளியில் தூங்கியவர். உண்மைதான். ஆனால் அவர் வெட்டவெளியில் படுத்தது வாடகையை மிச்சம் பிடித்து, பகலில் பிரிட்டிஷ் மியூசியம் வாசகசாலையில் உட்கார்ந்து எழுத. நேரம் வேண்டும் என்பதற்காக.

நேரம் என்றதும் ஒன்றை விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வேலையை விடுவதற்கு நான் ஒப்புக்கொள்ளும் ஒரே காரணம் அதுதான். காஃப்காவும் ஒரு வேலையை விட்டிருக்கிறார். 1907இல் ஓர் இத்தாலியக் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். காலையில் போனால் சாயங்காலம்வரை வேலை, எழுதப் பொழுதே இல்லை. ஒரு வருடம்கூட ஆகவில்லை, விட்டுவிட்டார். அடுத்ததாகப் பிடித்ததுதான் காலை எட்டு மணிக்குத் தொடங்கி மதியம் இரண்டு மணிக்கு முடியும் அந்த வேலை. மதியம் தூக்கம், இரவு பத்தரை பதினொன்றுக்கு மேல் எழுத்து. 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து, காலை ஆறு மணிக்குள் ‘தீர்ப்பு’ கதையை ஒரே மூச்சில் முடித்தார். அடுத்த மாதமே வீட்டார், குடும்பத்தின் ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலையைப் பிற்பகலில் போய்ப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். உயிரை விட்டுவிடலாமா என்கிற அளவுக்கு மனம் உடைந்து நண்பர் மாக்ஸ் பிராடுக்குக் கடிதம் எழுதினார். பிராட் பயந்துபோய் காஃப்காவின் அம்மாவுக்கு எழுத, அந்த அம்மா தன் கணவருக்குத் தெரியாமல் நிலைமையைச் சமாளித்தார். எட்டு மணியிலிருந்து இரண்டு மணிவரை ஆபீஸைப் புலம்பிக்கொண்டே தாங்கிய மனிதர், பிற்பகல் பறிபோகும் என்றதும் நொறுங்கிப்போனார்.

ஆகவே உங்கள் கணக்கைப் பாருங்கள். ஷிப்மென்ட் சமயத்தில் ராத்திரி பத்து மணிவரை உட்கார வைக்கிறார்கள், ஞாயிறும் போகிறது என்றால் வேறு வேலை தேடுங்கள். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் ஆறு மணிக்கு வீட்டுக்கு விடும் இடமாக இருக்கட்டும். அது கையில் வந்த பிறகே ராஜினாமா.

அப்புறம் அந்த 70,000. நூலக ஆணையை யாரும் ‘வாங்கித் தர’ முடியாது. அரசு எப்போது எடுக்கும், எதை எடுக்கும் என்று பதிப்பாளர்களே வருடக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். அந்தத் தாமதத்தில்தான் தரகர்கள் முளைக்கிறார்கள். புத்தகத்துக்கு அடையாளமாகக் கொடுக்கும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் நம்பாதீர்கள், இந்தியாவில் அது இலவசம். பதிப்புரிமைப் பதிவுக்கென்றும் கேட்பார்கள். எழுதி முடித்த நிமிடமே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. எத்தனை பிரதி, எவ்வளவு ராயல்டி, எத்தனை வருட உரிமை என்று எழுத்தில் இல்லாத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

தொகுப்பு இப்போது வேண்டாம். இருப்பதில் நல்ல கதைகளாக மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றாகச் சிற்றிதழ்களுக்கு அனுப்புங்கள். கதை வெளியிடக் காசு கேட்கும் இதழ் வேண்டவே வேண்டாம். அந்த நண்பரிடம் கதைகளின் ஃபைல் ஏற்கெனவே போயிருந்தால், வெளியிடச் சம்மதமில்லை என்று இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.