நாலு நிமிஷத்தில் போய்விடுகிறார்கள்

வணக்கம் சார்,

உங்கள் கட்டுரைகளை மூன்று வருடமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு இன்வாய்ஸ் செயலி நடத்துகிறோம். தச்சர், புகைப்படக்காரர், மொழிபெயர்ப்பாளர் என்று தனியாளாகத் தொழில் செய்பவர்கள்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். மாதச் சந்தா வாங்குகிறோம். பிரச்சினை என்னவென்றால், வருகிறார்கள், இன்வாய்ஸ் போடுகிறார்கள், நாலு நிமிஷத்தில் போய்விடுகிறார்கள். அப்புறம் பத்து நாளைக்கு எட்டிப் பார்ப்பதில்லை. முதலீடு செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவர் பயனர் எண்ணிக்கைகளைக் காட்டும் எங்கள் டேஷ்போர்டைப் பார்த்துவிட்டு, "தினமும் வர வைக்க ஏதாவது செய்யுங்கள்" என்றார். தொழில் செய்திகள் ஓடும் ஃபீட், விடாமல் எத்தனை நாள் வந்தார்கள் என்று எண்ணிக் காட்டும் ஸ்ட்ரீக், ஒரு ஏஐ சாட் பெட்டி எல்லாம் அவர் சொன்ன யோசனைகள்.

இன்னொரு பக்கம், நானே ராத்திரி ஒரு மணி வரை ரீல்ஸ் தள்ளிக்கொண்டு கிடக்கிறேன். பெரிய கம்பெனிகள் நம்மை அடிமையாக்க உட்கார்ந்து திட்டம் போடுகின்றன என்று திட்டுகிறேன். காலையில் எழுந்து அதையே என் பயனர்களுக்கு எப்படிச் செய்யலாம் என்று யோசிக்கிறேன். இது போலித்தனம் இல்லையா? செயலியின் இணைப்பைக் கீழே கொடுத்திருக்கிறேன். முடிந்தால் பாருங்கள்.

ச.

*

அன்புள்ள ச.,

செயலியைப் பார்த்தேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த நாலு நிமிஷம். நீங்கள் அதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு தச்சர் நாள் முழுக்க மரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து உங்கள் செயலியைத் திறக்கிறார். செய்த வேலைக்குக் காசு வர வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. நாலு நிமிஷத்தில் அந்தக் காரியம் முடிகிறது என்றால், நீங்கள் விற்கிற சரக்கே அந்த நாலு நிமிஷம்தான். நாற்பது நிமிஷம் உட்கார வைத்தால் சந்தாவைக் கூட்டிக் கொடுப்பாரா? இழுவையாக இருக்கிறது என்று வேறு செயலி தேடுவார்.

எவ்வளவு நேரம் இருந்தார்கள், தினமும் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுகிற பழக்கம் விளம்பரத்தில் பிழைக்கிற தளங்களுக்குப் பொருத்தமானது. பார்ப்பவர் ஒரு நிமிஷம் கூடுதலாக இருந்தால் இன்னொரு விளம்பரத்தைக் காட்டலாம், காசு அதிலிருந்துதான் வருகிறது. உங்களுக்குக் காசு சந்தாவில். ஒருவர் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் உங்களுக்குச் சர்வர் செலவு. பக்கத்து வீட்டுத் தராசை இரவல் வாங்கி வந்து உங்கள் சரக்கை நிறுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

காசு எந்த வழியாக வருகிறதோ, அந்த வழியில்தான் செயலியும் போகும். நடத்துபவரின் நல்ல மனசு ஓரளவுக்குத்தான் தடுக்கும். வாட்ஸ்அப்பையே பாருங்கள். நிறுவனர்களில் ஒருவரான ஜேன் கூம் தன் மேஜையில் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டி வைத்திருந்தார். விளம்பரம் கிடையாது, விளையாட்டு கிடையாது, வித்தை கிடையாது என்பதுதான் அதில் இருந்தது. இன்னொரு நிறுவனர் பிரையன் ஆக்டன் எழுதிக் கொடுத்தது. அப்போது வருடத்துக்கு ஏறக்குறைய 1 டாலர் சந்தா. 2014இல் 19 பில்லியன் டாலருக்கு ஃபேஸ்புக்கிடம் விற்பதாக அறிவித்தார்கள். 2016இல் அந்தச் சந்தாவும் எடுக்கப்பட்டது. 2017இல் ஆக்டன் வெளியேறினார், 2018இல் கூம். 2025இல் ஸ்டேட்டஸ் இருக்கும் பகுதிக்கு விளம்பரம் வந்தது. சீட்டு எழுதியவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. சந்தா இருந்தவரை சீட்டுக்கு ஒரு காவல் இருந்தது, பிறகு இல்லை. உங்களிடம் இன்னும் அந்தக் காவல் இருக்கிறது. முதலீட்டாளருக்குப் பயந்து அதை அவிழ்த்துவிடாதீர்கள்.

அவரோடு சண்டையும் வேண்டாம். அவர் வாரத்துக்குப் பத்து டேஷ்போர்டு பார்க்கிற ஆள், எல்லாவற்றிலும் ஒரே கட்டத்தைத்தான் தேடுவார். நீங்கள் வேறு கட்டத்தைக் காட்டுங்கள். ஒரே மாதத்தில் சேர்ந்தவர்களைத் தனியாகப் பிரித்து, அவர்களில் எத்தனை பேர் ஆறாவது மாதமும் இன்வாய்ஸ் அனுப்பினார்கள் என்று காட்டுங்கள். மாதத்துக்கு மூன்று இன்வாய்ஸ் போடும் தொழிலில் தினசரி எண்ணிக்கைக்கு அர்த்தமே கிடையாது. திறந்ததிலிருந்து அனுப்பும் வரை ஆகிற நேரம் குறைகிறதா என்று காட்டுங்கள். இவை இரண்டையும் விட முக்கியம், அனுப்பிய இன்வாய்ஸ்களில் எத்தனைக்குப் பணம் வந்தது, எத்தனை நாளில் வந்தது என்பது. உங்கள் தச்சர் ராத்திரி அதைத்தான் நினைத்துக்கொண்டு படுக்கிறார். அவர் திரும்பி வர நியாயமான காரணம் ஒன்று உண்டென்றால், "பணம் வந்துவிட்டது" என்ற செய்திதான்.

ஃபீட் வேண்டாம். சாட் பெட்டி, யாராவது கேட்டால் பார்க்கலாம்.

ஸ்ட்ரீக், நோட்டிஃபிகேஷன் விஷயத்தில் எனக்கு உபதேசம் செய்கிற தகுதி இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். முன்பு நாங்கள் நடத்தியது கடைக்காரர்கள் சரக்கிருப்பைக் குறித்து வைக்கிற செயலி. எங்களுக்கும் இதே பேச்சு வந்தது. மூன்று நாள் திறக்காதவர்களுக்கு ராத்திரியில் ஒரு நோட்டிஃபிகேஷன் போகும்படி வைத்தோம். "உங்கள் இருப்பில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது." எழுதியது நான்தான். அந்த ஒரு வரிக்கு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தேன், கொஞ்சம் பெருமைகூட. அந்த "ஒன்று" என்ன என்று சொல்லாமல் விட்டதில்தான் சூட்சுமம். டேஷ்போர்டில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று காட்டும் கோடு விறுவிறுவென்று ஏறியது.

இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஒரு கடைக்காரர் எங்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டார். அன்றைக்கு எடுத்ததும் நான்தான். அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "தம்பி, ராத்திரி பத்தரைக்கு உங்க மெசேஜ் வந்துச்சு. ஆப்பைத் திறந்து பார்த்தா ஒண்ணும் காட்டல. கணக்குதான் அழிஞ்சு போச்சோன்னு பயந்து, கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கி எல்லாத்தையும் எண்ணிப் பார்த்தேன். சரியாத்தான் இருந்துச்சு. எதைக் கவனிக்கச் சொன்னீங்க?"

"சிஸ்டம் தப்பாக அனுப்பிவிட்டது சார், மன்னித்துவிடுங்கள்" என்றேன். சிஸ்டம் ஒரு தப்பும் செய்யவில்லை. நான் எழுதி, நான் நேரம் குறித்து அனுப்பியது. ஃபோனை வைத்துவிட்டு அவர் கணக்கைத் திறந்து பார்த்தேன். எங்கள் டேஷ்போர்டில் அவர் "மீட்கப்பட்ட பயனர்" என்று பச்சை நிறத்தில் இருந்தார்.

அடுத்த வாரம் எல்லா நோட்டிஃபிகேஷன் வரிகளையும் அச்செடுத்து மேஜையில் போட்டோம். ஒருவர் வாசிப்பார். மற்றவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்: இதைச் சொல்வதற்காக அந்த ஆளுக்கு இந்த நேரத்தில் ஃபோன் போடுவாயா? இருபதுக்கு மேல் இருந்ததில் மூன்று தேறின. சரக்கு தீர்ந்துவிட்டது. உங்கள் கணக்கில் வேறு யாரோ எண்ணை மாற்றியிருக்கிறார்கள். பேக்கப் நின்றுவிட்டது. மீதியைத் தூக்கினோம். கோடும் இறங்கியது, அதை மறைக்க மாட்டேன். அந்த வருடம் முதலீட்டாளர் கூட்டங்களில் நன்றாக வியர்த்தது.

இதைச் சொல்லக் காரணம், உங்கள் கடிதத்தில் எனக்கு ஒப்பாத ஒரு வரி. கம்பெனிகள் உட்கார்ந்து திட்டம் போடுகின்றன என்கிறீர்கள். எல்லா அறைகளிலும் நான் இருந்ததில்லை. எங்கள் அறையில் யாரும் யாரையும் அடிமையாக்கத் திட்டம் போடவில்லை. ஐந்து நல்ல மனிதர்கள், ஒரு மேஜை, ஏற வேண்டிய ஒரு கோடு. ஒரு வரியை இரண்டு விதமாக எழுதி, பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு அது என்று அனுப்புவோம். எது அதிகம் திறக்க வைத்ததோ அது ஜெயிக்கும். சோதனை இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். எரிச்சல் அவ்வளவு சீக்கிரம் வராது. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் அந்தக் கடைக்காரர் செயலியை அழிப்பார், ஏன் அழித்தார் என்று யாருக்கும் தெரியாது. சீக்கிரம் அளக்க முடிந்தது தாமதமாக வருவதைத் தோற்கடித்துவிடுகிறது. இப்படி நூறு சின்ன வெற்றிகள் சேர்ந்ததுதான் ராத்திரி ஒரு மணிக்கு உங்கள் கையில் இருக்கிறது.

நின்று போகாத ஸ்க்ரோலும் அப்படி வந்ததுதான். முன்பெல்லாம் பக்கத்தின் அடியில் 1, 2, 3 என்று எண்கள் இருக்கும், "அடுத்தது" என்று ஒரு பட்டன் இருக்கும். 2006இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் அதை எடுத்துவிட்டு, கீழே போகப் போகத் தானாக வந்துகொண்டே இருக்கும்படி செய்தார். பயனருக்கு ஒரு சொடுக்கை மிச்சம் பண்ணுகிற நல்ல எண்ணம்தான். பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டு வெளிப்படையாகப் பேசினார். அந்த எண்களைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தால், அங்கே கை ஒரு நொடி நின்றது ஞாபகம் வருகிறது. ஏழாம் பக்கம் வந்துவிட்டோமே, போதும் என்று தோன்றும். அந்த ஒரு நொடியை எடுத்துவிட்டார்கள்.

என் சொந்த லட்சணமும் ஒன்றும் பிரமாதம் இல்லை. மணி பார்க்க ஃபோனை எடுத்து, இருபது நிமிஷம் கழித்துக் கீழே வைத்து, மணி பார்க்கவில்லையே என்று மறுபடி எடுத்த ஆள்தான் நான். விரதம், துறவு எதுவும் எனக்கு ஒத்துவரவில்லை. ஒத்துவந்தது ஒன்றுதான், முடிகிற இடம் உள்ளவற்றுக்கு மாறினேன். ஆர்எஸ்எஸ் (RSS) என்று ஒரு பழைய இணைய வசதி, 1999இல் வந்தது. பிடித்த தளங்களில் புதிதாக வந்ததை மட்டும் வரிசையாக எடுத்துத் தரும். அதைப் படிக்கப் பலர் பயன்படுத்திய கூகுள் ரீடர் என்ற சேவையை 2013 ஜூலையில் மூடியபோது பலர் ஆர்எஸ்எஸ்ஸே செத்துவிட்டதாக எழுதினார்கள். அது பாட்டுக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் பிடித்ததே கடைசித் திரைதான். எல்லாவற்றையும் படித்து முடித்தால் வெறும் வெள்ளை, நடுவில் "படிக்க எதுவும் இல்லை" என்று ஒரு வரி. சில நாள் அந்த வரியைப் பார்ப்பதற்காகவே படிக்கிறேன்.

முடிகிற இடம் வைத்தால் வியாபாரம் நடக்காது என்று உங்கள் முதலீட்டாளர் சொல்லலாம். ஜாஷ் வார்டில் என்பவர் தன் துணைக்காகச் செய்த வேர்டில் என்ற சொல் விளையாட்டை அவருக்குச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு புதிர். முடித்தால் அவ்வளவுதான், நாளைக்கு வா. அப்போது செயலி கிடையாது, விளம்பரம் கிடையாது, நோட்டிஃபிகேஷன் கிடையாது, வெறும் இணையப் பக்கமாக இருந்தது. 2021 அக்டோபரில் வெளியானது. நவம்பர் 1ஆம் தேதி விளையாடியவர்கள் 90 பேர். 2022 ஜனவரி 2ஆம் தேதி 3 லட்சத்துக்கும் மேல். அந்த மாதக் கடைசியிலேயே நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கிவிட்டது. ஸ்ட்ரீக் அதிலும் உண்டு என்பீர்கள். உண்டுதான். ஆனால் ராத்திரி பத்தரைக்கு ஆள் அனுப்பவில்லை. எல்லாரும் வேர்டில் ஆகிவிட முடியாது என்பதும் சரிதான். உங்களுக்குத் தேவையும் இல்லை. சந்தா கட்டும் தச்சர்கள் சில ஆயிரம் பேர் இருந்தாலே மூன்று பேரும் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

போலித்தனம் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் போலி இல்லை, இரண்டு பக்கமும் நின்று பார்த்தவர். ராத்திரி எந்த இடத்தில் கை நிற்காமல் போகிறது என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். அடுத்த தடவை ஒரு தாளில் குறித்து வையுங்கள், காலையில் மேஜையில் போட்டுப் பேச உதவும்.

சரி, உங்கள் செயலி. செய்யாத ஒரு வேலைக்கு இன்வாய்ஸ் போட்டு எனக்கே அனுப்பினேன். எனக்கு நாலு நிமிஷம் ஆகவில்லை, ஏழு ஆனது. தொகையைத் தட்டியதும் கீபோர்டு எழுந்து "அனுப்பு" பட்டனை மூடிக்கொள்கிறது. திரையில் காலியாக இருக்கும் இடத்தைத் தொட்டால்தான் இறங்குகிறது. அதைக் கண்டுபிடிக்கவே இரண்டு நிமிஷம். அனுப்பிய பிறகு ஐந்து நட்சத்திரம் கேட்டு ஒரு பெட்டி, நண்பரை அழைக்கச் சொல்லி ஒரு பட்டை, "உங்களுக்குத் தெரியுமா?" என்று ஓடுகிற ஒரு குறிப்பு. "அனுப்பியாயிற்று" என்ற சொல் எல்லாவற்றுக்கும் அடியில், சின்னதாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. போய்ச் சேர்ந்ததா என்று சந்தேகம் வந்து மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். திறந்தவன் அங்கேயே கால் மணி நேரம் இருந்துவிட்டேன் என்பது வேறு கதை.

கீபோர்டை இந்த வாரமே சரிசெய்துவிடுங்கள். என்னுடையது பழைய ஆண்ட்ராய்டு ஃபோன், சின்னத் திரை. ஸ்கிரீன்ஷாட்டைத் தனி மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.

அன்புடன்.