போட்டின் அடியில் ஓட்டை போட்டுத் தண்ணீர் எடுக்கும் பிட்டிங்கை நாமே மாட்டலாமா?

மாட்டலாம். நான் காசிமேட்டுக்காரன். எங்களுடையது மரத்தின் மேல் பைபர் போர்த்திய 32 அடி போட்டு. எஞ்சினுக்குக் கடல்தண்ணீர் இழுக்கும் பிட்டிங்கை நானே மாற்றினேன். டெக் கழுவும் பம்புக்காகப் புதிதாக ஓட்டை போட்டு இன்னொன்றும் மாட்டினேன். ஓட்டை போடுவது அரை மணி நேர வேலை. எந்த உலோகத்தை மாட்டுகிறீர்கள் என்பதில்தான் உயிரே இருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போதுதான் இங்கே எல்லாப் போட்டும் கரையேறும். அப்படி ஏற்றியிருந்தபோது பழைய பிட்டிங்கில் இருந்த வால்வைக் கழற்ற ரெஞ்சு போட்டேன். பலமே கொடுக்கவில்லை, முறுக்கு மாதிரி கழுத்தோடு ஒடிந்து கையில் வந்துவிட்டது. உடைந்த இடம் மஞ்சளாக இல்லை. செங்கல் பொடி நிறத்தில் இருந்தது, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. வீட்டுக் குழாய்க்கு விற்கிற பித்தளை அது. பித்தளையில் செம்பும் துத்தநாகமும் இருக்கும். கடல்தண்ணீர் துத்தநாகத்தை மட்டும் தின்றுவிடும், பஞ்சு மாதிரி செம்புதான் மிஞ்சும். மேலே பெயின்ட் இருப்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

இதுவே கடலில் ஒடிந்திருந்தால்? ஒன்றரை அங்குல ஓட்டை, தண்ணீர் மட்டத்துக்கு இரண்டடி கீழே இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 140 லிட்டர் உள்ளே வரும். 200 லிட்டர் டீசல் பேரல் ஒன்றரை நிமிடத்தில் நிறைகிற வேகம். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் கன்மெட்டல் என்று கேட்டு வாங்குங்கள். செம்பு 85, வெள்ளீயம், ஈயம், துத்தநாகம் தலா 5 என்ற கலவை கடலுக்குத் தாங்கும். பாரிமுனைக் கடைகளில் பித்தளையும் இதுவும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, பில்லில் எழுதி வாங்குங்கள். வால்வைக் கடையிலேயே பிட்டிங்கில் கையால் மாட்டிப் பாருங்கள். இரண்டு சுற்றிலேயே இறுகி நின்றால் மரை சேரவில்லை என்று அர்த்தம், வேண்டாம்.

இப்போது ஓட்டை. முதலில் உள்ளிருந்து சின்ன டிரில் பிட்டால் துளைத்து, வெளியே எங்கே வருகிறது என்று பாருங்கள். ஏராவை (போட்டின் அடி நடுவில் நீளமாக ஓடும் முதுகெலும்புக் கட்டையை) ஒட்டியோ சட்டத்தின் மேலோ வரக்கூடாது. அப்புறம் வெளியிலிருந்து ஹோல்சா, அதாவது வட்டமாக வெட்டும் ரம்பம் போடுங்கள். எங்களுடையதைப் போல நடுவில் மரம் இருந்தால், வெட்டிய விளிம்பு முழுக்க எபாக்சி ரெசினை இரண்டு மூன்று தடவை பூசிக் காயவிடுங்கள். இதை விட்டால் மரம் தண்ணீர் குடித்து உள்ளுக்குள்ளேயே அழுகும். உள்பக்கம் நட்டு உட்காரும் இடம் சமமாக இருக்காது, அதற்கு அரை அங்குல பைபர் தட்டு ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள்.

சீலண்ட் போடாமல் ஒரு தடவை முழுசாக மாட்டிப் பாருங்கள். சரியாக உட்கார்ந்தால் கழற்றி, உப்புத்தாள் போட்டு, அசிட்டோனால் துடைத்து, போட்டுக்கென்று வரும் பாலியூரித்தேன் சீலண்ட் தடவுங்கள். பாத்ரூம் சிலிக்கான் கூடவே கூடாது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். என் தம்பி வெளியே பிட்டிங் சுற்றாமல் பிடித்துக்கொண்டான், நான் உள்ளே நட்டை முடுக்கினேன். "அண்ணா, சீலண்ட் சுத்தி முழுக்கப் பிதுங்கிடுச்சு" என்றான், அங்கேயே நிறுத்தினேன். இன்னும் முடுக்கினால் சீலண்ட் எல்லாம் வெளியே போய்விடும். டியூபில் எத்தனை நாள் போட்டிருக்கிறதோ அத்தனை நாள் தொடாதீர்கள், காய்ந்தபின் கால் சுற்றுகூடத் திருப்பக்கூடாது.

ஹோஸுக்கு இரண்டு கிளிப். பிட்டிங் ஒடிந்தால் உடனே அடைக்க, வால்வுக்குப் பக்கத்திலேயே அந்த ஓட்டைக்கு அளவான மர ஆப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

போட்டைத் தண்ணீரில் இறக்கியதும் உடனே கிளம்பாதீர்கள். நான் டார்ச்சோடு உள்ளே இறங்கி, நட்டைச் சுற்றி டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி போட்டிலேயே படுத்து, விடிந்ததும் இன்னொரு தாள் எடுத்து ஒற்றினேன். காய்ந்தே இருந்தது.