கூடைக்காரர் பதில்கள்

(இந்த மாதம் நம் தென்னாப்பிரிக்க வாசகர்களின் தபாலில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்கக் கூடைப்பந்து லீக்கைப் பற்றித்தான். கிரிக்கெட் வழக்குகளை அடுத்த இதழில் தீர்த்துக்கொள்வோம்.)

கே: பிரிட்டோரியாவில் நடந்த பெரிய கூடைப்பந்துப் போட்டியைப் பற்றிப் பேரன் ஓயாமல் பேசுகிறான். அது அமெரிக்கர்களின் என்.பி.ஏ.வா, நம் நாட்டு ஆட்டமா?
— ஒரு தாத்தா, லாடியம்

ப: இரண்டும் இல்லை ஐயா. ஆப்பிரிக்கா முழுவதிலிருந்தும் 12 ஆண்கள் கிளப்புகள் மோதிய பி.ஏ.எல்., அதாவது பாஸ்கெட்பால் ஆப்பிரிக்கா லீக். என்.பி.ஏ.வும் உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவும் (கால்பந்தின் ஃபிஃபா வேறு) சேர்ந்து நடத்துகின்றன. 2020 மார்ச்சில் செனகலின் டாக்கரில் தொடங்க வேண்டியது, கொரோனா வந்து கெடுத்தது. 2021 மே மாதம் ருவாண்டாவின் கிகாலியில்தான் முதல் ஆட்டம் நடந்தது. சில நாடுகளின் லீக் சாம்பியனுக்கு நேரடி இடம் உண்டு, மற்றவர்கள் தகுதிச் சுற்றில் அடித்துப் பிடித்து வர வேண்டும். பிரிட்டோரியாவில் ஆடுகிற இடம் மென்லினில் இருக்கும் சன்பெட் அரங்கு. சுமார் 8,500 பேர் உட்காரலாம். லாடியத்திலிருந்து ஊரின் மறு கோடிதான். மராபாஸ்டாட் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே கிழக்கே விட்டால் போய்ச் சேரலாம்.

கே: இதுவரை ஜெயித்தவர்கள் யார் யார்? நம்மவர்கள் ஒரு தடவையாவது?
— பீனிக்ஸ் வாசகர்

ப: முதல் ஐந்து பருவத்துக்கும் ஐந்து சாம்பியன்கள். 2021 எகிப்தின் சமாலெக், 2022 துனிசியாவின் மொனாஸ்டிர், 2023 எகிப்தின் அல் அஹ்லி, 2024 அங்கோலாவின் பெத்ரோ தெ லுவாண்டா, 2025 லிபியாவின் அல் அஹ்லி திரிப்போலி. 2025 இறுதியாட்டம் நம் பிரிட்டோரியாவிலேயே ஜூன் 14 அன்று நடந்தது; திரிப்போலி 88, பெத்ரோ 67. நம்மவர்கள் 2024இல் அரையிறுதி வரை வந்தார்கள்; இந்த ஐந்து பருவத்தில் இறுதிக்கு ஒரு தடவைகூட வரவில்லை.

இந்த ஐந்தில் என் ஓட்டு பெத்ரோவுக்கு. 2022, 2024, 2025 என்று மூன்று இறுதிக்கு வந்த அணி அது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் கனவு அணியிடம் அங்கோலா 116–48 என்று உதை வாங்கியதை எங்கள் தலைமுறை மறக்காது. அதே அங்கோலா 2025இல் ஆப்பிரிக்கக் கோப்பையைப் பன்னிரண்டாவது தடவையாகத் தூக்கிவிட்டது. உதை வாங்கியவன் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை, பாருங்கள்.

கே: அரங்கம் இருக்கிறது, பணம் இருக்கிறது, உயரமான பையன்களும் இருக்கிறார்கள். அப்புறம் ஏன் தென்னாப்பிரிக்க அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ப: சார், நீங்கள் சொன்ன மூன்றும் இருக்கிறது, வாராவாரம் நல்ல எதிராளி மட்டும் இல்லை. குகுலெத்துவில் 2019இல் பிறந்த கேப் டவுன் டைகர்ஸ் 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் பி.ஏ.எல். ஆடியது. 2025இல் ஜோகன்னஸ்பர்க்கின் எம்.பி.பி. அணி வந்தது. பெத்ரோவுக்கு உள்ளூரிலேயே பிரிமேரோ தெ அகோஸ்தோ என்ற பங்காளி இருக்கிறான். அவனோடு ஆண்டு முழுக்க முட்டி மோதிவிட்டு வருகிறவனுக்குப் பி.ஏ.எல். புதுசாகத் தெரியாது. நம் பையன்களோ பயிற்சி முகாமிலிருந்து நேராக இறுதிப் பரீட்சை எழுத வருகிறார்கள்.

பள்ளிகளைப் பாருங்கள். சாட்ஸ்வொர்த்தில் நான் வேலை பார்த்த பள்ளியில் தார்த் தரையில் நெட்பால் கோடு பளிச்சென்று இருக்கும், கூடைப்பந்துக் கோடு அதன் அடியில் பாதி அழிந்து கிடக்கும். வளையம் ஒரு பக்கம்தான். கால்பந்து, கிரிக்கெட் போக மிச்சம் இருக்கிற நேரத்தில் பையன்கள் அந்த ஒற்றை வளையத்தில் எறிந்து பழகினார்கள். முழுக் களத்தில் ஓடிப் பழகாதவன் மூன்றாவது குவார்ட்டரில் மூச்சு வாங்கத்தான் செய்வான். அரங்கத்துக்குச் செலவழிக்கிறவர்கள் நாலு பள்ளிக்கு இரண்டாவது வளையம் வாங்கிக் கொடுத்தால் நான் சந்தோஷப்படுவேன்.

கே: 2024 மார்ச்சில் குடும்பத்தோடு பிரிட்டோரியா போயிருந்தோம். முதல் நாள் ஜெயித்த புருண்டி அணி அதற்குப் பிறகு ஆடவே இல்லை. என்ன ஆயிற்று?
— லெனேசியா வாசகி

ப: சட்டைச் சண்டை அம்மா. லீக்கின் பெரிய ஸ்பான்சர் ருவாண்டா. 'ருவாண்டாவுக்கு வாருங்கள்' என்ற சுற்றுலா விளம்பரம் எல்லா அணிச் சட்டையிலும் இருந்தது. அதே ஆண்டு ஜனவரியில்தான் புருண்டி, கிளர்ச்சிக்காரர்களுக்கு ருவாண்டா உதவுகிறது என்று சொல்லி எல்லையை மூடியிருந்தது. அந்த ஊர் டைனமோ அணி அந்த எழுத்துகளின் மேல் டேப் ஒட்டிக்கொண்டு களமிறங்கி, கேப் டவுன் டைகர்ஸை 86–73 என்று வீழ்த்தியது. நீங்கள் பார்த்தது அந்த ஆட்டம். சீருடை விதியை மீறக் கூடாது என்று லீக் சொன்னது, அவர்கள் மசியவில்லை. மொராக்கோவின் ஃபுஸ் ரபாத்தோடு ஆட்டம் போயிற்று, பெத்ரோவோடும் போயிற்று. இரண்டு ஆட்டம் ஆடாமல் விட்டதும் போட்டியை விட்டே வெளியே.

ஆட மறுத்தால் எதிரணிக்கு 20–0 என்று எழுதச் சொல்கிறது ஃபிபா விதி. அந்த இருபதில் ஒரு கூடைகூட யாரும் போட்டிருக்க மாட்டார்கள். எத்தனையோ ஸ்கோர் தாள் நிரப்பியவன் நான். அப்படி ஒரு தாளை எழுத எனக்குக் கை வராது. விதி லீக் பக்கம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லைத் தகராறில் இருக்கிற இரண்டு நாட்டில் ஒன்றின் பெயரை மற்றதன் மார்பில் அச்சடித்தால் தகராறு வரும் என்று முன்கூட்டியே ஒருவருக்கும் தோன்றவில்லையா? நஷ்டம் ஆட்டக்காரர்களுக்கு. டேப்பை ஒட்டச் சொன்னது யாரோ, வீட்டுக்குப் பஸ் ஏறியது அவர்கள்.

கே: மாமா, பள்ளிப் போட்டியில் என்னை ஸ்கோர் மேசையில் உட்காரச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது. என்ன தெரிந்திருக்க வேண்டும்?
— பத்தாம் வகுப்பு மாணவி, டொங்காட்

ப: சபாஷ்! இரண்டு பேனா எடுத்துக்கொள். முதல், மூன்றாம் குவார்ட்டருக்குச் சிவப்பு. இரண்டாம், நான்காம் குவார்ட்டருக்கு நீலமோ கறுப்போ. கூடை விழுந்தால் தாளில் அணியின் மொத்தப் புள்ளியைக் காட்டும் எண்ணின் மேல் ஒரு சாய்கோடு. ஃப்ரீ த்ரோ என்றால் நிரப்பிய புள்ளி. மூன்று புள்ளிக் கூடை என்றால் போட்டவரின் சட்டை எண்ணைச் சுற்றி வட்டம். ஒருவருக்கு ஐந்தாவது ஃபௌல் விழுந்தால் உடனே நடுவருக்குத் தெரிவி. டி.வி.யில் என்.பி.ஏ. பார்த்துவிட்டு ஆறு என்று நினைத்து உட்கார்ந்திருக்காதே.

ஷாட் கிளாக்கில், அதாவது பந்தை எறிய ஓர் அணிக்கு எத்தனை நொடி மிச்சம் என்று காட்டும் கடிகாரத்தில், உட்கார்ந்தால் இன்னும் உஷார். பந்து வளையத்தில் பட்டுத் திரும்பி, எறிந்த அணியே பிடித்தால் 14 நொடி. எதிரணி பிடித்தால் 24. வளையத்தில் படவே இல்லை, அதே அணி பிடித்தது என்றால் கடிகாரத்தைத் தொடாதே, அது பாட்டுக்கு ஓடட்டும். எறிகிறவனைப் பார்க்காதே, வளையத்தைப் பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சினேகிதி பேச்சுக் கொடுத்தால் முறைத்துவிடு.

கே: ராப் பாடகர் ஜே. கோல் இந்த லீக்கில் ஆடினார் என்கிறார்களே, விளம்பரமா?
— சாட்ஸ்வொர்த் இளைஞர்

ப: நிஜமாகவே ஆடினார். 2021, ருவாண்டாவின் பேட்ரியாட்ஸ் அணி. 3 ஆட்டம், மொத்தம் 5 புள்ளி. நன்றாகப் பாடுவார்.

கே: மகனுக்குப் பதினாறு வயது, வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். படிப்பை நிறுத்திவிட்டுப் பந்தே கதி என்கிறான். அவன் ஆயா அழுகிறார். என்ன செய்ய?
— ஒரு தாய், வெருலம்

ப: ஆயாவிடம் கமான் மலுவாச்சின் கதையைச் சொல்லுங்கள். தெற்கு சூடானில் பிறந்து உகாண்டாவில் வளர்ந்த பையன். செனகலின் சாலியில் என்.பி.ஏ. அகாடமியில் பயிற்சி. அகாடமிப் பையன்களை பி.ஏ.எல். அணிகளில் சேர்த்துவிடும் 'எலிவேட்' திட்டத்தில் மூன்று பருவம், மூன்று வேறு அணிகள். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக், அப்புறம் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம், 2025 என்.பி.ஏ. டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாள்) பத்தாவது இடம். அகாடமியிலும் வகுப்பு உண்டு, டியூக்கும் கல்லூரிதான். புத்தகத்தை மூடியவனுக்கு அந்தப் பாதையில் இடம் கிடையாது. மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடிக்கட்டும், காலை ஆறு மணிக்கு நானே விசில் ஊதுகிறேன் என்று சொல்லுங்கள்.

கே: அடுத்த முறை பிரிட்டோரியாவில் ஆட்டம் வைத்தால் டர்பனிலிருந்து காரில் போகலாமா?
— அஷர்வில் நண்பர்

ப: தாராளமாக. என்3 நெடுஞ்சாலை, அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். விடியுமுன் கிளம்பி வேன் ரீனன் கணவாயைப் பகலில் தாண்டுங்கள், டோலுக்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். ஜூன் மாதம் என்றால் ஸ்வெட்டர் இல்லாமல் வண்டியில் ஏறாதீர்கள். நம் டர்பன் குளிரை வைத்து ஹைவெல்ட் மேட்டுநில ராத்திரியைக் கணக்குப் போட முடியாது.