புரோபோஃபால்தான் போட வேண்டும் என்று டாக்டரிடம் சொல்லலாமா?

கேள்வி: அப்பாவுக்கு மூளையில் கட்டி, ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். கேஸாகக் கொடுக்கும் மயக்க மருந்து மூளையில் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸைக் கூட்டும், புரோபோஃபால் ஊசி அதைத் தடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அதையே போடச் சொல்லலாமா? அதுவரை ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: மாத்திரை வேண்டவே வேண்டாம், காரணம் கடைசியில் சொல்கிறேன். அந்த ஃபார்வர்டு முழுப் பொய்யாக இருந்தால் ஒரே வரியில் முடித்திருப்பேன். பாதி உண்மை என்பதால் கொஞ்சம் நீட்ட வேண்டியிருக்கிறது.

ஆக்சிஜனிலிருந்து கிளம்பும் ஃப்ரீ ராடிக்கல் என்ற துடுக்கான மூலக்கூறுகள் உடம்பின் தற்காப்பை மீறிப் பெருகி செல்களைச் சேதப்படுத்துவதுதான் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ், அவற்றைத் தணிப்பது ஆன்டிஆக்ஸிடன்ட். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. போதாக்குறைக்குக் கொழுப்பு நிறைந்த உறுப்பு. பழைய முறுக்கில் சிக்கு வாடை அடிக்கிறதே, எண்ணெயில் ஆக்சிஜன் ஏறியதால் வருகிற வாடை அது. ஏறக்குறைய அதே வினைதான் மூளை செல்லின் சவ்விலும் நடக்கிறது. சிக்குப் பிடித்த எண்ணெயில் அளக்கிற மலோன்டைஆல்டிஹைடு என்ற சிதைவுப் பொருளைத்தான் நோயாளியின் ரத்தத்திலும் அளக்கிறார்கள். மூளையின் ரத்தக்குழாய் புடைத்திருப்பவர்களுக்குச் செய்யும் ஆபரேஷனில், சில நிமிடங்களுக்குக் குழாயைக் கிளிப் போட்டு அடைத்துவிட்டுத் திறப்பது உண்டு. திறந்ததும் பாய்கிற ரத்தத்தோடு ஃப்ரீ ராடிக்கல்களும் கிளம்பிவிடும்.

புரோபோஃபால் வேதியியல் கணக்கில் ஒரு ஃபீனால், வைட்டமின் ஈ-யில் இருப்பது போன்ற வளையம் அதிலும் இருக்கிறது, அதனால் ராடிக்கல்களைத் தணிக்கும் என்பது சரிதான். (பால் மாதிரி வெள்ளையாக இருப்பதற்கு மருந்து காரணமில்லை, அதைக் கலக்கும் சோயா எண்ணெயும் முட்டை லெசித்தினும்தான்.) சில சிறிய ஆய்வுகளில் அந்த மலோன்டைஆல்டிஹைடு புரோபோஃபால் கொடுத்தவர்களிடம் குறைவாகவும் இருந்தது. ஆனால் மயக்கத்துக்குக் கொடுக்கும் செவோஃப்ளூரேன் கேஸ் ஒன்றும் வில்லன் இல்லை. விலங்குச் சோதனைகளில் அது கொஞ்சமே கொஞ்சம் ராடிக்கலைக் கிளப்பிவிட்டு, செல்லின் சொந்தத் தற்காப்பை முன்கூட்டியே உசுப்பிவிடுவதைப் பார்த்திருக்கிறார்கள்.

சரி, ரத்தத்தில் அளவு குறைந்தால் நோயாளி நன்றாக எழுந்து வருவாரா? இந்த இடத்தில்தான் ஃபார்வர்டு எழுதியவர் தாவிவிட்டார். ராடிக்கலைப் பிடிப்பதற்கென்றே என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்தைப் பக்கவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் பெரிய சோதனையில், 2006-இல், பலன் தெரிந்தது. 2007-இல் 3,000 பேருக்கு மேல் சேர்த்து இரண்டாவது சோதனையின் முடிவு வந்தபோது ஒன்றுமில்லை. உடம்பைக் குளிர வைத்து மூளையைக் காப்பதும் எலியில் அருமையாகப் பலித்த வித்தைதான். புடைத்த குழாய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட 1,001 பேரிடம் 33 டிகிரி வரை இறக்கிப் பார்த்தார்கள், 2005-இல் வெளியான முடிவு: முன்னேற்றமில்லை.

மயக்க மருத்துவருக்கு ஆபரேஷன் அறையில் கவலையே வேறு. மண்டையைத் திறந்ததும் மூளை பிதுங்காமல் தளர்ந்து கிடக்க வேண்டும். கேஸின் அளவு கூடினால் மூளையின் ரத்தக்குழாய்கள் விரியும். புரோபோஃபால் ரத்த ஓட்டத்தையும் ஆக்சிஜன் செலவையும் சேர்த்தே குறைக்கும், ஆனால் பிரஷரையும் தடாலென்று இறக்கிவிடும், இறங்கினால் மூளைக்கு ரத்தம் போதாது. கட்டி கை கால் அசைவுப் பகுதிக்குப் பக்கத்தில் இருந்தால், ஆபரேஷன் நடக்கும்போதே நரம்பு சிக்னலைச் சோதிப்பார்கள். கேஸ் அந்த சிக்னலை மங்கவைக்கும் என்பதால், நீங்கள் கேட்காமலேயே புரோபோஃபாலுக்குப் போய்விடுவார்கள். ஆகவே இன்ன மருந்து போடுங்கள் என்று சொல்லாதீர்கள். கட்டி எங்கே இருக்கிறது, எந்த முறையில் மயக்கம் கொடுக்கப் போகிறீர்கள், ஏன் என்று தாராளமாகக் கேளுங்கள்.

இனி மாத்திரை. வைட்டமின் ஈ அதிக அளவில் போனால் ரத்தம் உறைவது தாமதப்படலாம், மண்டைக்குள் கொஞ்சம் ரத்தம் கசிந்தாலே பெரிய வம்பு. அப்பா சாப்பிடுகிற பிரஷர் மாத்திரை, வலிப்பு மாத்திரை, மீன் எண்ணெய், யாரோ கொடுத்த சூரணம், எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிப்போட்டு ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைக்குக் கொண்டுபோய் மேஜையில் கொட்டிவிடுங்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று அவர்கள் சொல்லட்டும். வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.